மிதக்கும் வீட்டில் லைஃப் ஜாக்கெட்

அன்று அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் நான்கே பேர். வீட்டுக்காரர் ஹார்மென் வான் ஆல்ஸ்ட், வீட்டை வரைந்து கட்டிய அவருடைய மகள் ஃபெம்கெ, நகராட்சியில் வீட்டுவசதியைக் கவனிக்கும் திருமதி ப்ரௌவர், அழைக்காமலே வந்த பக்கத்து வீட்டு டிர்க். தாங்களும் உள்ளே இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் வெள்ளத்தடுப்புக் கரைமேல் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்தவர்கள்.

ஹார்மென் தேவாலயத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு அணிந்து, அதற்குமேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கூடத்து மூலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஃபெம்கெவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்பா, அதைக் கழட்டுங்க. இது படகு இல்ல, வீடு."

"வீடுன்னா எதுக்கு மிதக்கணும்?"

டிர்க் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பெத்த அப்பனே நம்பல. இதுல ஊரு நம்பணுமாம்!"

நடுக்கோடையில், ஜூலை மாதத்தில், மாஸ் ஆறு இப்படிப் பெருகும் என்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அந்த ஊரே சிரித்திருக்கும். இப்போது ஆறு தோட்டத்தைத் தாண்டி வாசற்படிக்கு வந்திருந்தது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்வில் இருந்த நாற்பது குடும்பங்களும் இந்த ஒரு வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இது ஒழுங்காக மிதந்தால் அவர்களும் இதே போலக் கட்டிக்கொண்டு ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். காபியோடு ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்ட திருமதி ப்ரௌவர் அதை மென்மையாக, ஆனால் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

"இது எப்படிம்மா மேலே போகும்?" என்று அவர் கேட்டார்.

"வீட்டுக்கு அடியில பெரிய கான்கிரீட் பெட்டி இருக்கு மேடம். உள்ளே வெறும் காத்து. தண்ணி ஏறினா வீடும் ஏறும். ரெண்டு பக்கமும் இரும்புத் தூண் இருக்கறதால எங்கேயும் மிதந்து போயிடாது. தண்ணி வடிஞ்சதும் பழைய இடத்துலயே உக்காந்துக்கும்."

"அது கிடக்கட்டும்," என்றார் டிர்க். "பழைய வீட்டை இடிச்சப்போ கோழிக்கூடு கட்டக் கொஞ்சம் செங்கல் கேட்டேன். ஒண்ணு கூடத் தரலையே உங்கப்பன். எங்கேய்யா கொண்டுபோய் வித்தே?"

"வான் ஆல்ஸ்ட் வீட்டுச் செங்கல்ல கோழி படுக்காது," என்றார் ஹார்மென், அவர் பக்கம் திரும்பாமலே.

ஃபெம்கெ சன்னல் வழியாகத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் வரைந்து வைத்திருந்த சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் வீடு கிளம்ப வேண்டும். தண்ணீர் தொட்டது. வீடு அசையவில்லை. கோடு முழுகியது. அப்போதும் அசையவில்லை.

பிறகு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. தரை மெல்ல அதிர்ந்து, வீடு மேலே எழுந்தது. ஃபெம்கெ மூச்சு விடுவதற்குள் தட்டிலிருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. கூடத்தின் குறுக்கே நிதானமாக ஓடி, ஹார்மெனின் காலணியில் முட்டி நின்றது. சமையலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. திருமதி ப்ரௌவரின் காபி ஒரு பக்கமாக வழிந்து சாசரை நிறைத்தது.

டிர்க் மேசையைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போய்க் கரையைப் பார்த்துக் கத்தினார்.

"வீடு சாஞ்சிடுச்சு! பொண்ணு கணக்குல கோட்டை விட்டுட்டா!"

கரையில் சிரிப்பு எழுந்தது. 'கணக்குத் தப்பாம், கணக்குத் தப்பாம்' என்று அந்தச் செய்தி ஒரு குடையிலிருந்து அடுத்த குடைக்குப் போவது உள்ளே வரை கேட்டது.

திருமதி ப்ரௌவர் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். மேசையில் வைக்க முடியவில்லை. "எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா நாப்பது குடும்பத்தை இப்படிச் சாய்வுல குடி வைக்க முடியுமா, சொல்லு?"

மூன்று வருட உழைப்பு. ஃபெம்கெ மனதுக்குள் ஒவ்வொரு எண்ணாகத் தேடினாள். பிழை எதுவும் அகப்படவில்லை. ஆனால் ஆப்பிள் உருண்டதை எல்லோரும் பார்த்தாயிற்று.

"முடியாது மேடம்," என்றாள். "தப்பு என்னோடதுதான்."

ஹார்மென் எழுந்துவிட்டார். வான் ஆல்ஸ்ட் குடும்பத்தில் யாரும் அந்த வார்த்தையை வெளியாள் எதிரில் சொன்னதில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி டிர்க்கின் கையில் திணித்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்தினார், கம்பளத்தைச் சுருட்டினார், தரையிலிருந்த பெட்டி மூடியின் வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறந்தார்.

ஃபெம்கெ குனிந்து பார்த்தாள். அந்த மூலையில் காற்றுக்கு இடமே இல்லை. சிவப்புச் செங்கற்கள் வரிசை பிசகாமல் மூடி வரை அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பழைய வீட்டு நிலைவாசலில் பதித்திருந்த கல், அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரோடு மல்லாந்து கிடந்தது.

"அப்பா... நம்ம பழைய வீட்டு முன்சுவரா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை தள்ளுவண்டியில கொண்டுவந்தேன். பெட்டி சும்மாத்தானே கிடந்தது."

ஃபெம்கெ செங்கல்லைப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

ஹார்மென் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு வாசலுக்குப் போனார். டிர்க்கைத் தோளால் ஒதுக்கிவிட்டு, தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் குரலில், கரை முழுதும் கேட்கச் சொன்னார்:

"கணக்குத் தப்புன்னு எவன் சொன்னது? எம்பொண்ணு ஒரு வீட்டுக்குத்தான் கணக்குப் போட்டா. மிதக்கறது ரெண்டு வீடு!"