கரடி செய்த விளம்பரம்

மரங்கொத்தி கணக்கு எழுதும் தொழில் தொடங்கி ஒரு வருடமாகியும் வாடிக்கையாளர் கரடி ஒருவர்தான். அவர் குரங்குகளோடு கூட்டுச் சேர்ந்து தேன் வியாபாரம் செய்தார்.

"வந்தது பத்துக் குடம். எட்டுன்னு எழுதிடும்மா. பங்காளிங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"பத்துன்னா பத்துதான் அண்ணாச்சி."

"அப்ப கடையை மூடிக்க."

கரடி காடு முழுக்கப் போய்ப் புலம்பினார். "அந்த மரங்கொத்திகிட்ட போயிடாதீங்க. எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு குடம் குறைச்சு எழுதாது."

மறுநாள் காலை மரத்தடியில் யானை, முயல், கீரி என்று நீண்ட வரிசை நின்றது. எல்லாருமே யாரோ ஒருவருடன் கூட்டு வியாபாரம் செய்பவர்கள். கடைசியாகக் கரடியும் வந்தார்.

"குரங்குங்க நீ எழுதின கணக்குதான் வேணுங்கிறாங்க."

"உங்களுக்கு முன்னாடி ஒன்பது பேர். உட்காருங்க அண்ணாச்சி" என்றது மரங்கொத்தி.