மதியத்துக்குள்

டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை.

"பனிக்குடத்துல தண்ணி கம்மியா இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணிரலாம். மதியத்துக்குள்ள முடிச்சிருவோம்."

சொல்லும்போது டாக்டர் வனஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றுவதில் கவனமாக இருந்தார்.

முந்தாநாள் ஸ்கேன் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னதும் இதே டாக்டர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. அவளுக்கு முதல் பிரசவம். விடியலில் தொடங்கிய வலி இப்போது விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் ரெஜினா ஆபரேஷனுக்கான பச்சை உடுப்பை எடுத்துவந்து நீட்டினாள்.

அவள் வாங்கவில்லை.

வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து டிவியில் ஒரு ஆஸ்பத்திரி சீரியல் பார்த்துவந்தாள். அதில் டாக்டர்கள் மழையில் நனைந்தபடி காதலித்தார்கள். செத்துப்போனவன் அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்தான். அதையெல்லாம் அவள் நம்பியதில்லை.

ஆனால் ஒருநாள், அந்தக் கதையில் பிரசவ அறையில் படுத்திருந்த ஒருத்தி டாக்டரிடம் கேட்டாள். ஏன்? வேறு வழி இருக்கிறதா? பொறுத்தால் என்ன ஆகும்?

டாக்டர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

அப்படிக் கேட்கலாம் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

அன்று உடன் உட்கார்ந்து பார்த்த நவநீதன் சிரித்தான். "நெசத்துல இப்பிடிக் கேட்டா டாக்டருங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க" என்றான். அவள் கணவன்.

இப்போது அவன் அறை வாசலில் நின்றிருந்தான். செல்போனை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தான்.

"ஏனுங்க டாக்டர், தண்ணி எவ்வளவு கம்மியா இருக்குது?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "சீரியல் பாப்பியா?"

"பாப்பேனுங்க."

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்."

அது பதில் இல்லை.

வலி வந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்தாள். அது போனதும் மறுபடி கேட்டாள்.

"குழந்தையோட துடிப்பு எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரெஜினா.

டாக்டர் திரும்பி ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா தலை குனிந்துகொண்டாள்.

"அப்பறம் ஏனுங்க இப்பவே கீறணும்?"

டாக்டர் கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டார்.

பிறகு வாசலைப் பார்த்தார். "நீங்களே சொல்லிருங்க சார். என்னால முடியல."

நவநீதன் உள்ளே வந்தான். கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டான்.

"அம்மா ஜோசியர்கிட்டக் கேட்டாங்க கண்ணு. மதியத்துக்கு மேல நட்சத்திரம் மாறுதாமா."

"மாறுனா?"

அவன் செல்போனை மறுபடி கை மாற்றினான்.

"மாறுனா என்னங்க?"

"அப்பனுக்கு ஆகாதாமா."

அடுத்த வலி வந்தது. விடியலிலிருந்து டாக்டர் உள்ளே வரும்வரை ஒவ்வொரு வலிக்கும் அவன் கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்போதும் அவன் கையை நீட்டினான்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வனஜா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"தண்ணி போதுமான அளவு இருக்கு. அவங்க விடாமக் கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன். தப்புதான். கர்ப்பப்பை வாய் பாதி திறந்திருக்கு. பொறுக்கலாம். தானாப் பொறக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். துடிப்பு குறைஞ்சு, திரும்ப ஏறாமப் போனா மட்டும் ஆபரேஷன்."

இதை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் பொய் சொன்ன அதே வாய்.

"அந்தத் துடிப்பு எனக்குக் கேக்கற மாதிரி வைங்க."

ரெஜினா மிஷினைக் கட்டில் பக்கம் நகர்த்திச் சத்தத்தைக் கூட்டினாள். ஓட்டமாய் ஓடும் குதிரையின் காலடிபோல் அறை முழுக்க அது நிறைந்தது.

"குறைஞ்சா உடனே கீறுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு வேண்டாமுங்க."

"சரிம்மா."

நவநீதனின் செல்போன் அடித்தது. அவன் வெளியே போனான். கதவுக்கு அப்பால் போனில் மாமியாரின் குரல் உயர்ந்தது. "பொம்பள சொன்னா உட்டுருவீங்களா? நீ ஆம்பளையா நின்னு சொல்லுடா!"

அவன் என்ன பதில் சொன்னான் என்பது கேட்கவில்லை.

அவள் துடிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு இறுகும்போது அது தடுமாறும். மூச்சைப் பிடித்துக் காத்திருப்பாள். வயிறு தளர்ந்ததும் பழையபடி ஓடும். ஒருமுறை கொஞ்சம் தாமதித்தது. கீறச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். அதற்குள் ஏறிவிட்டது. ரெஜினாவும் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஜன்னல் வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போனபோது குழந்தை பிறந்தது.

பெண். உரக்க அழுதது.

துடைத்து, பூப்போட்ட துண்டில் சுற்றி, அவள் மார்பில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். பிறகு ரெஜினா குழந்தையை எடுத்துக்கொண்டுபோய் வாசலில் நின்ற நவநீதனிடம் நீட்டினாள்.

அவன் சட்டென்று வாங்கவில்லை. பிறகு வாங்கினான். கைகளை விறைப்பாக நீட்டிப் பிடித்திருந்தான்.

முதல்முதலாகத் தூக்குகிற யாரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குழந்தையை உடம்போடு அணைக்காமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ தூங்கு கண்ணு. நான் பாத்துக்கறேன்."

உடம்பு முழுக்க அவளுக்குத் தூக்கமாக வந்தது.

அவள் கண்ணை மூடவில்லை.