பக்கத்துத் தட்டு

இலவச உணவுக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்காரரைப் பார்த்ததும் பொறி தட்டியது. சட்டை கிழிசல், நகங்களோ பளிச்.

"ரொம்ப நாளா இங்கதான் சாப்பாடாண்ணே?"

"ஆமா. நீங்க?" அவர் பார்வை என் மணிக்கட்டிலிருந்த வாட்ச் தடத்தில் நின்றது.

கணக்குக் காட்ட ஆள் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள்!

நேராக எங்கள் அறக்கட்டளைத் தலைவரிடம் போனேன். "ஐயா, அவங்களுக்கு நிதி குடுக்காதீங்க. சாப்பிட வர்றவனே செட்டப்பு. நீங்க சொன்ன மாதிரி ஏழை வேஷத்துல போய்ப் பக்கத்துலயே உட்கார்ந்து பாத்துட்டேன்."

"அப்ப ஒரு பைசா கிடையாது. உங்களுக்குத் தெரியாம இன்னொருத்தரையும் அனுப்பியிருந்தேன். அவரும் இதையேதான் சொல்றாரு," என்று பக்கத்து அறையைத் திறந்தார்.

உள்ளே ஒருவர், தாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கன்னத்துப் பசையைப் பளிச்சென்ற நகங்களால் சுரண்டிக்கொண்டிருந்தார்.