ஒரே ஒரு வாடிக்கையாளர்

"நம்ம ஊர்ல இவ்வளவு நீளமா ஒரு வண்டி வந்தா, ஆம்புலன்ஸ்னு நெனச்சு வழி விடுவாங்கய்யா. வாங்க மாட்டாங்க" என்றார் சுந்தரராமன்.

புனேயை அடுத்த ஆகுர்டியில் ஒரு கார் கம்பெனியின் விற்பனைத் தலைவர் அவர். கூட்டங்களில் இந்தியும் இங்கிலீஷும் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் தமிழுக்கு வருவார். தாய்மொழிப் பற்று. அந்தப் பற்றுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நார்மன். புனேயில் போபோடிப் பக்கத்துத் தமிழன். அந்த ஸ்டேஷன் வேகனை வடிவமைத்தவன்.

முன்னால் பந்தயக் கார், பின்னால் குடும்பக் கார் என்பது திட்டம். களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து நிறுத்தியபோது, ஓட்டப்பந்தய வீரன் கல்யாணச் சாப்பாடு முடித்து எழுந்த மாதிரி இருந்தது. முதலில் சிரித்தது நார்மன்தான்.

இன்று சிரிப்பு வரவில்லை. செலவு கூடிவிட்டது. விளம்பரத்தில் காட்ட முடியாத எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. சுந்தரராமன் மனதில் இருந்த விளம்பரமோ ஒரு சிவப்பு வண்டி, ஒரு மலைப்பாதை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். அவனுக்குப் பின்சீட்டு எதற்கு? நார்மன் இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துச் சேர்த்த நான்கு வசதிகளுக்கும் மதியம் ஒரு மணியோடு ஆயுசு முடிகிறது.

"யாருய்யா இதெல்லாம் கேட்டா?"

"கேட்டிருக்காங்க சார்." நார்மன் ஒரு நீல ஃபைலைப் பிரித்தான். எண் போட்ட பத்திகளாக டைப் அடித்த பக்கங்கள். ஓரமெல்லாம் பென்சில் படங்கள்.

விளம்பர ஏஜென்சியிலிருந்து வந்திருந்த ப்ரீதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். புனேயிலேயே பிறந்த தமிழ்ப் பெண். "எத்தனை கஸ்டமர்கிட்ட பேசினீங்க சார்?"

"ஒருத்தங்கதான். பேசலை. எழுதிக் குடுத்தாங்க."

ஒரே ஒருவருக்காகவா ஒரு காரை மாற்றினாய் என்று சுந்தரராமன் வாயைத் திறப்பதற்குள் நார்மன் படிக்கத் தொடங்கிவிட்டான். நாலாவது பத்தி: கடக்வாஸ்லா அணைக்குப் போய்த் திரும்பும்போது குழந்தை தூங்கிவிட்டது, அதன் தலை சாயாமல் வழி நெடுகக் கையில் தாங்கி வந்ததில் கை மரத்துப் போனது. அதற்காகத்தான் பின்சீட்டின் இருபுறமும் காது வைத்த தலையணை. ஏழாவது: டிக்கியில் தனியாகப் பெட்டி தூக்கி வைத்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்காகத்தான் முழங்கால் உயரத்தில் டிக்கி. ஒன்பதாவது: கொட்டும் மழை, ஒரு கையில் குடை, மறு கையில் காய்ச்சல்காரக் குழந்தை. அதற்காகத்தான் காலை நீட்டினால் திறக்கும் பின்கதவு. பன்னிரண்டாவது: கிறிஸ்துமஸுக்குக் கரைத்த கேக் மாவை வேகவைக்க பேக்கரிக்கு எடுத்துப்போனபோது பாதி ஆட்டோவிலேயே கொட்டியது. அதற்காகத்தான் தட்டு நகராமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பு.

அறையில் யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.

"எங்க பாத்தாலும் அந்தம்மா தனியாவே இருக்கா" என்றார் சுந்தரராமன். "புருஷன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா?"

"இருக்கான் சார். ஆபீஸ்ல இருப்பான்."

"நல்லா இருப்பான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நார்மனும் சிரித்தான், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

ப்ரீதி மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: "மலைப்பாதை வேணாம் சார். இந்த நாலையும் காட்டுவோம். கடைசியில நார்மன் சார் முகம். மத்லப், அதாவது, இந்த மாதிரி யோசிக்கிறவர் கண்டிப்பா தினம் நேரத்துக்கு வீட்டுக்குப் போறவராத்தான் இருக்கணும். கீழே ஒரே லைன்: 'சாயங்காலமானால் வீடு திரும்பும் ஒருவர் செய்த கார்.'"

சுந்தரராமன் அந்த வரியை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு நான்கு வசதிகளையும் நீக்கச் சொல்லிப் பட்டியலில் போட்டிருந்த சிவப்புக் கோடுகளைத் தானே அழித்தார். மணி பன்னிரண்டு ஐம்பது.

அந்த அம்மாவையும் குழந்தையையுமே நடிக்கக் கூப்பிடலாமே என்று ப்ரீதி ஆசைப்பட்டாள். அவர்கள் வர மாட்டார்கள் என்றான் நார்மன்.

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்க நேரமில்லாமப் போச்சு." ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். "சார், மத்தியானம் லீவு. வீட்டு விஷயம்."

"போய்யா, போ. இனிமே உனக்கு அதுதானே விளம்பரம்" என்றார் சுந்தரராமன், அன்போடு.

மூன்று மணிக்கு சிவாஜிநகரில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில், ஜெரோஷ் அந்த நீல ஃபைலை வாங்கிப் புரட்டினார். அவர் நார்மனின் வக்கீல்.

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு பதில் எழுதிக் குடுங்கன்னு கேக்குறேன். நீங்க என்னடான்னா ஓரம் பூரா கார் வரைஞ்சு வெச்சிருக்கீங்க. இன்னைக்குத் தீர்ப்பு, நார்மன்."

நார்மன் எதிரே பார்த்தான். அந்த ஃபைலில் இருந்த விவாகரத்து மனுவை எழுதிய அவன் மனைவி கிருபாவதி, எதிர் பெஞ்சில் தூங்கி விழும் மகளின் தலையைக் கையில் தாங்கியபடி, கை மாற்றக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.