பொம்பளைங்க மேஜை

"தூங்குறதுக்கா உனக்குச் சம்பளம்? எழுந்திருய்யா!"

முதலாளி போட்ட சத்தத்தில் சட்டைக் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. துணி வெட்டுகிற மேஜையில் தலைவைத்துக் குறட்டை விட்டவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்.

எனக்கு வயிறு எரிந்தது.

சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. முன்பெல்லாம் ஆண்களும் எங்களோடு மடித்தார்கள். அதே சட்டை, அதே பெட்டி; கூலி மட்டும் அவர்களுக்குக் கூடுதல். 'ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்' என்று சட்டம் வந்ததும், முதலாளி மறுநாளே ஆண்கள் அத்தனை பேரையும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார். "ஒரே வேலைன்னாதானே ஒரே சம்பளம்?" என்று இளிப்பு வேறு!

புகார் கொடுத்தோம். வந்த லேபர் இன்ஸ்பெக்டர் அம்மா நல்ல மனுஷிதான். "இந்த வேலையைக் கூடுதல் சம்பளத்துக்குச் செய்யற ஆம்பளை ஒருத்தர்கூட இல்லையேம்மா. யாரைக் காட்டி நான் கேட்பேன்?" என்று கையை விரித்துவிட்டார்.

நாங்கள் இப்படி வெந்து சாக, இந்த மனுஷனுக்குத் தூக்கம்!

ஆண்களுக்குச் சங்கம் இருக்கிறது, சம்பளத்தில் கைவைக்க முடியாது. அதனால் முதலாளி மானத்தில் கைவைத்தார்.

"போய்யா, பொம்பளைங்க மேஜையில உட்கார்ந்து சட்டை மடி! அப்பதான் புத்தி வரும்!"

ஆண்கள் பக்கம் ஒரே விசில். "மறக்காம வளையல் போட்டுக்குங்கண்ணே!"

தலையைத் தொங்கப்போட்டபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த ஆளுக்குப் போய் வாழ்க்கைப்பட்டேனே!

"வெட்கமா இல்ல? நாங்க மாடா உழைச்சும் குறைச்ச சம்பளம். நீங்க தூங்கினாலும் முழுச் சம்பளம்!"

"அதேதான்" என்றார், ஒரு சட்டையைக் கோணல்மாணலாக மடித்தபடி.

"என்ன அதேதான்? ராத்திரி நல்லாத்தானே தூங்குனீங்க?"

"நல்லாத்தான் தூங்குனேன். இந்தக் குறட்டைதான் சரியா வரல. எவ்வளவு நேரம் விட்டேன் தெரியுமா, அந்த மனுஷன் காதுல விழறதுக்கு!"



அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வெட்டுற ஆள் சம்பளத்துல இப்ப நான் சட்டை மடிக்கறேன். உட்கார வச்சதும் முதலாளியேதான். அவர் மனசு மாறுறதுக்குள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போனைப் போடு."