பல்கலைக்கழகம் பெற்ற பிள்ளை

"உங்க பண்ணையிலயே இது ஓடலையே வாத்தியாரே, என் மண்டியில எப்பிடி ஓட்டறது?"

மண்டிக்காரர் கந்தசாமி பட்டறைப் பக்கம் வந்தால் இதே கேள்விதான். செஞ்சிக் கடைத்தெருவே கேட்டுச் சிரிக்கும்.

பிலவேந்திரன் விவசாயப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அங்கே தான் கண்டுபிடித்த மல்லாட்டை உடைக்கும் மெஷினை ஊருக்கே செய்து விற்கலாம் என்று வேலையை விட்டார். "தைரியமாப் போ, நாங்க இருக்கோம்" என்று அங்கிருந்த பேராசிரியர் சொன்ன வார்த்தைதான் கைமுதல்.

மெஷின் வேர்க்கடலைப் பருப்பு நொறுங்காமல் தோடு உடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை. ஊருக்குக் கரண்ட் வந்த புதிது. யாராவது முதலில் வாங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இன்னிக்கும் ஒண்ணு போவலைன்னா பட்டறையப் பூட்ட வேண்டியதுதான்" என்றாள் மனைவி ஜோசப்பின். "அந்தக் கந்தசாமி வாயில நல்ல வார்த்தையே வராதா? பாவி மனுஷன்!"

"இன்னிக்கு புரொபசர் வர்றாரில்ல? யுனிவர்சிட்டி பண்ணைக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்னு அவர் வாயால சொல்லிட்டாப் போதும்."

பட்டறையில் ஏற்பாடு செய்த கூட்டத்துக்குப் பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார். மாலை, போட்டோ, கைதட்டல். பேச்சுக்குக் குறைச்சலில்லை.

"இது பல்கலைக்கழகம் பெத்த பிள்ளை! கடைசி வரைக்கும் கைவிட மாட்டோம்!"

கூட்டத்தில் கந்தசாமி எழுந்தார். "ஐயா, உங்க பண்ணைக்கு எத்தினி வாங்கறீங்க?"

'மாதாவே' என்று ஜோசப்பின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பண்ணைக்கா?" பேராசிரியர் சிரித்தார். "அங்க ஜெர்மன் மெஷினே வந்தாச்சே!"

கந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் ஒரு மாட்டுவண்டி வைக்கோல் பரப்பித் தயாராக நின்றது.

"மெஷின் ஏத்தலடா கன்னியப்பா. பெத்தவங்களே வேணான்றாங்க. வெறும் வண்டியவே ஓட்டு."

வாசலுக்கு வந்த ஜோசப்பின் காலி வண்டியைப் பார்த்தாள். இத்தனை நாள் எகத்தாளம் பேசியவர் இன்று வாங்கத்தான் வந்திருக்கிறார்.

ஜீப்பில் ஏறப்போன பேராசிரியரிடம் பிலவேந்திரன் கேட்டேவிட்டார். "என் மெஷின்ல இன்னா சார் குறை?"

பேராசிரியர் பாசமாகத் தோளில் தட்டினார்.

"குறையா? ரெண்டையும் சோதிச்சுப் பார்த்ததில உன்னோடதுதான் முதல்ல வந்துச்சு. நான்தான் வேணாம்னேன். நம்ம ஆள்கிட்டயே வாங்கினா நாளைக்கு என் பேருல்லப்பா கெட்டுப்போகும்?"