ஓரம் நறுக்கு

படத்தில் அவனும் இருந்தான்.

நல்ல படம் என்று இருந்த ஒன்றே ஒன்றிலும் வந்து நின்றிருந்தான். அவள் தங்கை கல்யாணத்தில் எடுத்தது. மயில்கழுத்து நிறப் பட்டு. தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கேமராக்காரருக்கு வழி சொல்பவன் மாதிரி ஒரு சிரிப்பு.

விண்ணப்பத்துக்கு அவள் மட்டும் போதும்.

கோயம்புத்தூரில், வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி. ஐந்து மணிக்குள் படத்தை ஏற்ற வேண்டும். புதிதாக எடுக்கலாமென்றால் மத்தியானம் முழுக்க அழுத முகம். அந்த முகத்தை எந்த வார்டனிடமும் காட்ட அவள் தயாராக இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போய்விட்டான். ஒரு வாரத்துக்கான காய்கறி நேற்றுதான் வாங்கியிருந்தது.

அலுவலக மடிக்கணினியை ஒப்படைத்தாயிற்று. வேறு வழியில்லாமல் அவனுடைய கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

திரை முழுக்க ஓசி.

பாட்டுக்கும் படத்துக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு போட்ட வி.எல்.சி. கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ். குரல் பதிய ஆடாசிட்டி. ஃபைல்களை மூட்டை கட்டவும் அவிழ்க்கவும் செவன்-ஜிப். வீட்டுக்கு வருகிறவர்களிடம், பெற்ற பிள்ளைகளைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டுவான்.

"காசு இல்ல, விளம்பரம் இல்ல. யாரும் யாருக்கும் கை கட்டி நிக்க வேணாம் பாருங்க."

வந்தவர் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் தம்பி சிபி ஒருமுறை முகத்துக்கு நேராகவே கேட்டான். "ஏன் அத்தான், எங்க அக்காவையும் இப்படித்தான் டவுன்லோட் பண்ணீங்களா?"

வீடே சிரித்தது.

அவனும் சிரித்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதில் இன்னொரு கூத்து, அந்த மென்பொருள்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பது. ஆறு வருடமாக, சாயங்காலம் ஏழானால் உட்கார்ந்துவிடுவான். சம்பளம் கிடையாது. எழுதச் சொல்லிக் கேட்டவரும் கிடையாது. ஃபைல் என்றால் ஊருக்கே புரியும். இவனுக்கு மட்டும் கோப்பு வேண்டும். பதவி உயர்வோடு கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்த கடிதத்தை அவள் நீட்டியபோதும் ஏதோ ஒரு சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

"உன் இஷ்டம்," என்றான்.

திரும்பவில்லை.

வாழ்ந்த ஆறு வருடத்தில் அவள் அதிகம் பார்த்தது அவன் முதுகை.

படம் திருத்துகிற மென்பொருளைத் திறந்தாள். அதுவும் ஓசி. அதற்கும் இவன் தமிழ். வெட்டுவதற்கு எதை அழுத்துவது என்று பட்டியலில் தேடினாள்.

ஓரம் நறுக்கு.

என்ன சொல் இது? கணினியா, அரிவாள்மனையா?

கை நின்றது.

கல்யாணமான புதிது. அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து கத்தினான்.

"படத்துல வேண்டாத ஓரத்த எடுக்கறதுக்கு என்ன சொல்லலாம்?"

"ஓரம் நறுக்கறதுதான? அதத்தான் நான் இங்க பண்ணிட்டிருக்கேன். வந்து கூட நறுக்குங்க, புத்தி வரும்."

அவன் வரவில்லை. சொல் மட்டும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மொழிபெயர்த்தவர்கள் பட்டியலைத் திறந்தாள்.

இளம்பரிதி.

அதற்குக் கீழே, மங்கையர்க்கரசி.

அவளைக் கேட்டானா? கேட்கவில்லை. போட்ட பிறகாவது சொன்னானா? அதுவும் இல்லை. எங்கெங்கோ, யார் யார் வீட்டுக் கணினியிலோ அவள் பெயரை ஆறு வருடமாக உட்கார வைத்துவிட்டு, சொந்த வீட்டில் ம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

பட்டியலை மூடினாள். படத்தின் ஓரக் கோட்டைப் பிடித்து அவன் பக்கமிருந்து இழுத்தாள்.

கதவு திறந்தது.

பையோடு வந்து பின்னால் நின்றான். பையில் பீன்ஸ். நேற்று வாங்கியதும் இதே பீன்ஸ்தான். திரையில் அவன் முகத்தின் மேல் கோடு நின்றிருந்தது.

ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தாள்.

"விடுதிக்கா?" என்றான். "இதுக்கு மேல இழுத்தா உன் காது போயிடும். தள்ளு."

நாற்காலியை வாங்கிக்கொண்டான். கோட்டை மயிரிழை பிசகாமல் நகர்த்தித் தன்னை வெளியே தள்ளினான். பொத்தானை அழுத்தினான். படத்தை விட்டுப் போய்விட்டான்.

அவள் தோளில் நாலு விரல் மட்டும் மிச்சம்.

அவற்றையும் விடவில்லை. பெரிதாக்கினான். பக்கத்துப் பட்டிலிருந்து நிறத்தை எடுத்துப் பூசத் தொடங்கினான்.

சுண்டுவிரல் போனது.

ஜரிகைக் கோடு தப்பாமல் மோதிர விரல் போனது.

இப்படியும் ஒரு மனுஷன். தன்னை அழிக்கும்போதுகூட வேலை சுத்தம்.

நடுவிரலும் போனது. ஆள்காட்டி விரலின் மேல் அம்புக்குறி வந்து நின்றது.

அங்கிருந்து நகரவில்லை.

மவுஸ் பழசு. அப்படித்தான் இருக்கும்.

"அது இருக்கட்டும்," என்றாள்.

"விடுதில கேப்பாங்க."

"நான் பாத்துக்கறேன்."

அவன் திரும்பினான். நாற்காலியோடு, முழுசாக.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? மணி நாலு அம்பது. அனுப்புங்க."